ஒத்தக் கொடியில காட்டையே கட்டினவன்

அருவி ஒண்ணு ராவும் பகலும் ஓயாம கொட்டுற காடு அது, புள்ளைங்களா. அங்க பக்கத்துல நின்னு கத்தினாக்கூட பாதிதான் காதுல விழும்.

அந்தக் காட்டுல முயலக்காவுக்கு ஒரு பெரிய கவலை. புதுசா குட்டி போட்டிருந்தா. குட்டிங்க பாறையிடுக்கை விட்டு வெளிய வந்து அருகம்புல்லு மேய ஆரம்பிச்சிருச்சு. ஓடைக்கு அந்தப் பக்கமோ சிறுத்தை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. மருத மரத்து உச்சியில உக்காந்திருக்கிற மந்தியக்காவுக்கு அது வர்றது நல்லாத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, அவ போடுற கூச்சல் அருவிச் சத்தத்துல கரைஞ்சு போயிடும்.

"இவ்வளவுதானா விஷயம்?"ன்னு கேட்டான் மஞ்சத்தொப்பி.

மஞ்சத்தொப்பி ஒரு தூக்கணாங்குருவி. தலையில மஞ்சளா தொப்பி வெச்ச மாதிரி இருப்பான். முடிச்சுப் போடுறதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா ஒண்ணு, ஒரு மழைக்கு ஒரு கூடு கட்டுவான், மழை முடிஞ்சா அதை அப்படியே தொங்க விட்டுட்டுப் போயிடுவான். கட்டினதைத் திரும்பப் போய் மாத்துற பழக்கம் அவங்க கூட்டத்துலயே யாருக்கும் இல்ல.

மந்தியக்கா நீளமான சீந்தில் கொடி ஒண்ணை இழுத்துக் குடுத்தா. மருத மரத்துல இருந்து பாறையிடுக்கு வரைக்கும் அதை ஓட்டி, இடுக்குக்குள்ள, காத்துப் படாத எடமா பாத்து, வாகை நெத்து, அதான் விதையோட காஞ்ச காய், ஒரு கொத்து கட்டித் தொங்கவிட்டான் மஞ்சத்தொப்பி. மந்தி மேல இழுத்தா, கீழ நெத்து கலகலன்னு குலுங்கும். குலுங்கினா குட்டிங்க சட்டுனு உள்ள ஓடிடும்.

அடுத்த தடவை வந்த சிறுத்தைக்கு வெறும் புல்லுதான் மிச்சம். காடு முழுக்க மஞ்சத்தொப்பி பேச்சுதான்.

மறுநாளே காட்டுப்பன்னி வந்து நின்னுச்சு. "தம்பி தொப்பி, நாவமரத்துல பழம் கொட்டினா எனக்கும் ஒரு சேதி வர்ற மாதிரி பண்ணிக் குடேன். நான் போறதுக்குள்ள கரடி தின்னுட்டுப் போயிடுறான்."

"அதுக்கென்ன அண்ணே, கொடிதான் ஏற்கெனவே இருக்கே"ன்னான் மஞ்சத்தொப்பி. முயலக்கா கொடி நடுவுல ஒரு முடிச்சு. அங்கிருந்து பன்னி படுக்குற சேத்துக்கு ஒரு கிளைக்கொடி, முனையில ஒரு நெத்துக் கொத்து. பழம் கொட்டினாலும் மந்திதான் பாத்து இழுக்கணும். முடிஞ்சது வேலை.

அன்னைக்கு சாயங்காலமே முயலக்கா மூச்சிரைக்க வந்தா. "ஏப்பா, பழம் விழுந்தாலும் என் நெத்து ஆடுது. குட்டிங்க உள்ள ஓடுறதும் வெளிய வர்றதுமா இருக்கு. ஒரு வாய் புல்லு இறங்கல."

"சின்ன விஷயம் அக்கா." அவ பக்கத்துக் கொடியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டான். மந்தி மெதுவா இழுத்தா பன்னிக்கு மட்டும் ஆடும், வெடுக்குன்னு இழுத்தாதான் முயலுக்கும் ஆடும்.

அப்புறம் மயில் வந்தார். மேகம் திரண்டா முன்கூட்டியே தெரியணுமாம், தோகையைக் கோதிக்கிட்டுத் தயாரா நிக்கணுமாம். பன்னி முடிச்சு மேலயே இன்னொரு முடிச்சு. அந்தப் பாரத்துல கொடி தொய்ஞ்சு, மெதுவா இழுத்தா பன்னிக்குப் போகல. அதுக்கு ஒரு இறுக்கு. இறுக்கினா முயல் பக்கம் ஆடுது. அதுக்கு இன்னொரு சுத்து. ஒவ்வொண்ணையும் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சான் மஞ்சத்தொப்பி. அவனுக்கே தன்னை நெனைச்சா பெருமையா இருந்துச்சு.

மந்தியக்காதான் மொணமொணத்தா. "டேய், நான் ஒண்ணை இழுத்தா எங்கெங்கயோ ஆடுது. நடுவுல உருண்டையா என்னமோ தொங்குது, தேன்கூடு மாதிரி. அதுக்குள்ள என்னடா இருக்கு?"

"அது உனக்கு எதுக்குக்கா? நீ இழு, போதும்."

உள்ள என்ன இருக்குன்னு அவனுக்கும் மறந்து போச்சு. அதை அவன் சொல்லிக்கல.

ஒரு நாள் மயில் திரும்ப வந்தார். "தம்பி, நான் ஆடுற எடத்தை மாத்திட்டேன். இந்தப் பக்கம் பாறை வழுக்குது. கொடியை ஓடைப் பக்கமாத் திருப்பிடு."

மஞ்சத்தொப்பி மயில் முடிச்சை அவுத்தான், ஓடைப் பக்கம் கட்டினான், பறந்து போய்ட்டான். அவன் அவுத்த அந்தச் சுத்துதான் முயலக்கா கொடியைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது நழுவிப் புல்லுல விழுந்ததை யாரும் பாக்கல.

அன்னைக்கு வெயில் சாயுற நேரம், சிறுத்தை ஓடையில கால் வெச்சுச்சு. மந்தி வெடுக்குன்னு இழுத்தா.

பாதி கட்டின கூட்டுல உக்காந்து மஞ்சத்தொப்பி பாத்துக்கிட்டு இருந்தான். சேத்துல இருந்து பன்னி எழுந்து நாவமரத்தைப் பாத்து ஓடுச்சு. மயில் தோகையை விரிச்சார். முயலக்கா பக்கம் மட்டும் ஒரு அசைவும் இல்ல. குட்டிங்க பாட்டுக்குப் புல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கு.

விருட்டுன்னு கூட்டை விட்டுக் கிளம்பினான்.

பறந்து வந்து பாத்தா, கொடி செத்த பாம்பு மாதிரி புல்லுல கிடக்கு. எடுத்துக் கட்டலாம்னா எதுல கட்டுறது? உருண்டையில ஒரு இழையைக் கொத்தி இழுத்தான், பன்னியோட நெத்து ஆடுச்சு. இன்னொண்ணை இழுத்தான், மயிலோடது ஆடுச்சு. தானே போட்ட முடிச்சு, தனக்கே புரியல. சிறுத்தை இந்தப் பக்கக் கரை ஏறியாச்சு.

முடிச்சை விட்டுட்டு நேரா பாறையிடுக்குக்குள்ள பாய்ஞ்சான். நெத்துக் கொத்தைக் காலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உடம்பையே ஊஞ்சலா ஆட்டினான். கலகல கலகலன்னு சத்தம். குட்டிங்க விழுந்தடிச்சு உள்ள ஓடி வந்துச்சு. கடைசியா முயலக்கா. அவ பின்னங்கால் உள்ள வரவும் சிறுத்தையோட பாதம் பாறையில விழவும் சரியா இருந்துச்சு.

ஏமாந்த சிறுத்தை திரும்பிச்சு. ஓடைக்கரையில மயில் இன்னும் வராத மேகத்தைப் பாத்து ஆடிக்கிட்டு இருந்தார். உயிர் தப்பிச்சுது. தோகையில பாதி சிறுத்தை கையோட போச்சு.

"என் தோகை"ன்னு மயில் புலம்பினார்.

"நாவமரத்தடியில ஒரு பழம் இல்லப்பா"ன்னுச்சு பன்னி. அதுக்கு இன்னும் என்ன நடந்துச்சுன்னே தெரியாது.

முயலக்கா நடுங்குற குட்டியை நக்கிக் குடுத்துக்கிட்டே கேட்டா: "நாளைக்கு அது வந்தா என்னப்பா பண்றது?"

"இதை இப்படியே விட்டுடுவோம் அக்கா"ன்னான் மஞ்சத்தொப்பி. கூடு சரியில்லன்னா அவன் எப்பவும் செய்யுறது அதுதான். "அந்தப் பக்கம் புத்தம்புதுசா ஒண்ணு கட்டித் தர்றேன்."

"கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க இருக்கிறது?"

மஞ்சத்தொப்பி அந்த உருண்டையைத் திரும்பிப் பாத்தான். பாதி கட்டின கூட்டுல யாரும் குடியிருக்க மாட்டாங்க. இந்தக் கொடியை நம்பி ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருக்கே.

அப்புறம்தான் உருண்டைக்கிட்ட பொறுமையா உக்காந்தான். முதல்ல முயலக்கா கொடியை மட்டும் தனியா எடுத்து, மந்தி கைக்கு எட்டுற ஒரு கிளையில கட்டினான். அதுல வேற யாரோட கொடியும் தொங்கக் கூடாதுன்னு வெச்சுட்டான். அது ஆடுதான்னு இழுத்துப் பாத்த பிறகுதான் பன்னி கொடியைத் தொட்டான், அதுக்கு வேற கிளை. அதுக்கப்புறம் மயிலுக்கு. நாள் இழுத்துச்சு. ஆனா ஒரு நாள்கூட முயலக்கா நெத்து ஊமையாகல.

"எதை இழுத்தா எது ஆடும்னு இப்பத்தான்டா எனக்கே தெரியுது"ன்னா மந்தி.

வேலை முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள பன்னி வந்துச்சு. "தம்பி, கிழங்கு தோண்டுற எடத்துக்கும் ஒரு நெத்து வேணும். முயலக்கா கொடி பக்கத்துலதான போகுது. சும்மா ஒரே ஒரு முடிச்சு."

"போடலாம் அண்ணே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு நீங்க கிழங்கு எடத்தை மாத்துறீங்க, அந்த முடிச்சை நான் அவுக்கணும். அப்ப கூட என்னென்ன அவுந்து விழும்?"

பன்னி அங்கேயே உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சுச்சு. அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, மஞ்சத்தொப்பி மந்தியக்காக்கிட்ட இன்னொரு கிளை கேக்கப் போயிட்டான்.

நீதி: நாளைக்கு மாறப்போறதைக் கட்டும்போது, ஒண்ணைக் கழட்டினா இன்னொண்ணு விழாத மாதிரி இன்னைக்கே கட்டணும்.