புள்ளிச்சியின் தோல்முட்டை

மலையடிவாரக் காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக்கு மேற்கே பெரிய மூங்கில் புதர். உச்சிவேளையிலும் அதற்குள் இருட்டுதான். அந்த இருட்டுக்குள் புள்ளிச்சி என்ற காட்டுக்கோழி குடியிருந்தது.

புதரை விட்டு வெளியே அது தலையைக்கூட நீட்டாது. போன வருஷம் திறந்த வெளியில் மேய்ந்துகொண்டிருந்த அதன் அக்காளை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து புள்ளிச்சிக்கு வெளிச்சம் என்றாலே நடுக்கம்.

அந்த நடுக்கத்தை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தது பொக்கையன் என்ற கிழட்டுக் கீரி. முன்வாயில் அதற்கு ஒற்றைப் பல்தான் பாக்கி. பாம்போடு மல்லுக்கட்டிய காலமெல்லாம் போய்விட்டது. முட்டை என்றால் உயிரை விடும். ஆனால் ஓட்டைக் கடித்து உடைக்கப் பல் இல்லை. பாறையில் வீசி உடைக்கலாம் என்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"வெளியே போயிடாதே தாயி. வேளாவேளைக்குக் கறையான் நான் கொண்டாந்து தர்றேன். நீ மகராசியா உள்ளேயே இரு" என்றது பொக்கையன்.

சொன்னபடியே செய்தது. கறையான், புழு, உதிர்ந்த மூங்கிலரிசி என்று தினமும் வாய் நிறையக் கொண்டுவந்து கொட்டியது. புள்ளிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தச் சேவல்கூட விடியலில் கூவிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று இருக்கும். இந்தக் கீரிக்குத்தான் எத்தனை கரிசனம்!

முட்டையிடும் காலம் வந்தது. சருகைப் பரப்பி முதல் முட்டையை இட்ட புள்ளிச்சி திரும்பிப் பார்த்துத் திகைத்தது. முட்டைக்கு ஓடே இல்லை. மேலே மெல்லிய தோல் மட்டும்தான். அலகால் மெதுவாகத் தள்ளியதற்கே பிய்ந்து ஒழுகியது. மறுநாள் இட்டதும் தோல்முட்டைதான்.

பொக்கையன் ஓடி வந்து ஒப்பாரி வைத்தது. பிறகு, இந்த வாடைக்குப் பாம்பு வந்துவிடும் என்று சொல்லி, சருகிலிருந்த கருவைச் சொட்டு விடாமல் நக்கித் துடைத்துச் சுத்தம் செய்தது. நல்ல மனசு என்று புள்ளிச்சி நினைத்துக்கொண்டது.

அந்த ஈட்டில் அடுத்தடுத்து இட்ட முட்டைகள் எல்லாமே இப்படி வீணாயின. அடுத்த ஈடும் அப்படித்தான். ஓடு கெட்டியாக நத்தை ஓடு தின்னலாமே என்று புள்ளிச்சிக்குத் தோன்றியது. பொக்கையன் மறுக்காமல் குட்டைக் கரையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்டது. கொத்திக் கொத்தித் தின்றும் பலனில்லை. போதாததற்குக் காலும் வலித்தது. தாழ்ந்த கொப்பில் ஏறி உட்காரவே மூச்சு வாங்கியது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் ஈட்டுக்குத்தான் நேரம் இருந்தது. அதுவும் போனால் இந்த வருஷம் குஞ்சு என்ற பேச்சே இல்லை.

அப்போதுதான் ஒருநாள் பெருங்காற்று அடித்தது. புதருக்கு மேலே ஒரு மூங்கில் முறிந்து விழுந்தது. கூரையில் ஓட்டை விழுந்த மாதிரி, தரையில் முறம் அகலத்துக்கு வெயில் இறங்கியது.

புள்ளிச்சி முதலில் மூலைக்கு ஓடியது. பிறகு எட்டிப் பார்த்தது. ஒரு காலை வைத்துப் பார்த்தது. இதமாக இருந்தது. மறு காலையும் வைத்தது. அதன் இறக்கை தானாகவே விரிந்தது. உடம்பு மண்ணில் சரிந்தது. கண் சொக்கியது. வலித்த கால் வெயிலில் நீண்டு கிடந்தது. இப்படிச் சுகமாகக் கிடந்து எவ்வளவு காலமாயிற்று என்று அதற்கு நினைவில்லை.

கறையானோடு வந்த பொக்கையன் இதைப் பார்த்தது. வாயிலிருந்தது கீழே கொட்டியது. ஐயோ, ஐயோ என்று பதறி, இடுப்பு வலியையும் மறந்து கொப்பு மேல் தாவி, சருகையும் தழையையும் இழுத்துப் போட்டு ஓட்டையை அடைக்கத் தொடங்கியது.

புள்ளிச்சிக்கு இது புதிராக இருந்தது. "மாமா, வல்லூறு இம்புட்டுச் சின்ன ஓட்டையிலே எப்படி நுழையும்?"

"வல்லூறை விடு தாயி. வெயிலு பட்டா வயித்துல இருக்கிற முட்டை வெந்துபோகும்!"

புள்ளிச்சி அப்போதைக்குத் தலையாட்டி வைத்தது. ஆனால் குட்டைக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத கூழாங்கல் தரையில், ஆள்காட்டிக் குருவி வருஷா வருஷம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை அது மூங்கில் சந்து வழியாகப் பார்த்திருக்கிறது. அந்த முட்டை ஏன் வேகவில்லை?

மறுநாள் கீரி கறையான் தேடப் போன நேரம் பார்த்து, புள்ளிச்சி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, நொண்டி நொண்டிக் குட்டையைச் சுற்றிப் போனது. ஆள்காட்டி வழக்கம்போல ஊரைக் கூட்டியது. வந்தது யார் என்று தெரிந்த பிறகுதான் வாயை மூடியது.

"நடமாடுறியாடி நீ? செத்துப்போயிட்டியோன்னு இல்ல நினைச்சேன்" என்றது.

புள்ளிச்சி நடந்ததையெல்லாம் சொன்னது. ஆள்காட்டி ஒற்றைக் காலில் நின்று கேட்டது. கேட்கக் கேட்க அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதே. தோல்முட்டை உடைஞ்சு உடைஞ்சு போச்சே, இதுல உங்க மாமன் ஒருநாளாவது பட்டினி கிடந்தானா?"

புள்ளிச்சிக்குச் சுருக்கென்றது. சருகை நக்கும் அந்த நாக்கு கண்முன் வந்தது.

"நத்தை ஓட்டைத் தின்னா மட்டும் போதாதுடி. அது உடம்புல ஒட்டணுமில்ல? ஒட்ட வைக்கிறது வெயிலு" என்றது ஆள்காட்டி.

"வல்லூறு வந்தா என்னக்கா பண்றது?"

"எதுக்கு எனக்கு இம்புட்டுப் பெரிய தொண்டை? நீ புதர் ஓரமாவே படு. நான் கத்தினா உள்ளே ஓடிடு."

அன்று முதல் வெயில் ஏறி, கீரி கறையான் தேடப் போனதும் புள்ளிச்சி புதரோரத்து மண்ணில் வந்து சிறிது நேரம் படுக்கும். இறக்கையை விரிக்கும். புரளும். ஆள்காட்டி கத்தினால் உள்ளே பாயும். வல்லூறு வரத்தான் செய்தது. வெறுங்காலோடு திரும்பிப் போனது. சில வாரங்களில் புள்ளிச்சியின் கால்வலி குறைந்தது. உயரமான கொப்புக்கு ஒரே தாவலில் ஏறியது. வெயில் தரும் இந்தச் சத்துக்கு மனிதர்கள் வைட்டமின் டி என்று பெயர் வைத்து, தோலில் வெயில் பட்டால் அது ஊறும் என்றும், தின்ற சுண்ணாம்புச் சத்தை அதுதான் எலும்பிலும் முட்டை ஓட்டிலும் சேர்க்கும் என்றும் சொல்கிறார்கள். காட்டில் அதற்குப் பெயர் கிடையாது.

பொக்கையனிடம் புள்ளிச்சி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கொண்டுவந்த கறையானை நன்றி சொல்லித் தின்றது.

கடைசி ஈடு தொடங்கியது. முதல் முட்டை சருகில் விழுந்தபோது டொக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் பொக்கையனுக்கும் கேட்டது. ஆனால் நாக்கில் எச்சில் ஊறிய அவசரத்தில் அதற்குப் பொருள் விளங்கவில்லை.

"அடடா, இதுவும் போச்சா தாயி? தள்ளிக்கோ, சுத்தம் பண்ணிடறேன்" என்று பாய்ந்து ஒரே கடியாகக் கடித்தது.

முட்டை அசையவில்லை. ஒற்றைப் பல்தான் தெறித்துச் சருகில் விழுந்தது.

"மாமா, உங்க பல்லு கிடக்குது. அதையும் சுத்தம் பண்ணிட்டுப் போங்க" என்றது புள்ளிச்சி.

அக்கரையில் ஆள்காட்டி சிரித்த சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது. பொக்கையன் பல்லை அங்கேயே விட்டுவிட்டு ஓடியதுதான், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மழைக்கு முன்பே குஞ்சுகள் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் புள்ளிச்சி அவற்றை முதலில் கூட்டிக்கொண்டு போன இடம் புதரோரத்து வெயில்தான்.

எவ்வளவு சத்தாகச் சாப்பிட்டாலும் உடம்பு உறுதிப்பட அளவான வெயில் வேண்டும். அதற்கு அஞ்சி இருட்டிலேயே கிடப்பவர்கள் தங்கள் பயத்தால் பிழைக்கிறவனுக்குத்தான் விருந்து வைக்கிறார்கள்.