தும்பை அழுதாள்

“என்னை அனுப்பிவிடுங்கள், அம்மா,” என்றார் உடையப்பர். “நான் இந்த மடத்துக்கு லாயக்கில்லை.”

உப்பு வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டுத் துறவு தேடி வந்தவர் அவர். குரு குயிலம்மை அவரைவிட இருபது வயது இளையவர்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு நிமிர்ந்தார்.

“என்ன நடந்தது?”

“பற்றை விட வந்தவன் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்தீர்கள். நேற்று ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பினேன். நான் போவதைப் பார்த்துத் தும்பை அழுதாள். என்னால் படி இறங்க முடியவில்லை. அவளையும் கெடுத்தேன், நானும் கெட்டேன்.”

“அழுதாளா?”

குருவின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

ஆறு மாதத்துக்கு முன் வெள்ளம் தும்பையின் தாயைக் கொண்டுபோனது. ஊரார் குழந்தையை மடத்தில் விட்டுப் போனார்கள். முதல் வாரம் ஓயாமல் அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

பசித்தாலும் அழவில்லை. விழுந்தாலும் அழவில்லை. யார் தூக்கினாலும் அசையாமல் கிடந்தாள். வைத்த பாயை விட்டு நகரவில்லை.

“எவ்வளவு சாதுவான பிள்ளை,” என்று வந்தவர்கள் மெச்சினார்கள்.

குரு மெச்சவில்லை. குழந்தையைக் கொண்டுபோய் உடையப்பர் மடியில் வைத்தார்.

“இவள் கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டாலும் போங்கள்,” என்றார்.

இப்போது குரு எழுந்தார். “வாருங்கள். நானும் அதைக் கேட்க வேண்டும்.”

முற்றத்தில் தும்பை பாயில் உட்கார்ந்திருந்தாள். குரு அவள் பக்கத்தில் அமர்ந்தார்.

“வாசலைத் தாண்டி நில்லுங்கள். கூப்பிட்டதும் வந்துவிடுங்கள்.”

உடையப்பர் போனார்.

குழந்தை வாசலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு மடமே அதிரும்படி வீறிட்டாள்.

சமையல்கட்டிலிருந்து ராக்காயி கரண்டியோடு ஓடிவந்தாள். “யார் வீட்டுப் பிள்ளை இது?”

“நம் பிள்ளைதான்,” என்றார் குரு. அவர் முகத்தில் அத்தனை பெருமையை ராக்காயி பார்த்ததில்லை. “நன்றாகக் கேட்டுக்கொள். நம் தும்பை தன் ஆளைக் கேட்டு அழுகிறாள்.”

வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “உடையப்பரே, வாருங்கள்.”

அவர் ஓடியே வந்தார். தூக்கியதும் குழந்தை அவர் கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டாள். விம்மல் மெல்ல அடங்கியது. அவர் தோள்துண்டை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் சப்பினாள்.

பிறகு நெளிந்து கீழே இறங்கினாள்.

பாயைத் தாண்டித் தவழ்ந்தாள். முற்றத்தின் மறுகோடியில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை நோக்கி, விறுவிறுவென்று.

உடையப்பர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே, அம்மா.”

“எதற்குப் பார்க்க வேண்டும்?” என்றார் குரு. “நீங்கள்தான் இருக்கிறீர்களே.”