அம்மை போகும் இடம்

மலையடிவாரத்து மடத்தில், அதை நடத்திவந்த உலகம்மைக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவள் சொர்ணம். உலகம்மைக்கு வயது ஐம்பத்தாறு, சொர்ணத்துக்கு ஐம்பத்தொன்று. ஐந்து வயதுதான் வித்தியாசம் என்றாலும், ஊரார் எல்லோரையும்போல அவளும் "அம்மை" என்றுதான் கூப்பிடுவாள்.

மடத்துக்கு வருமுன் சொர்ணம் நர்ஸாக இருந்தவள். கணவன் இறந்தபின், பிள்ளைகளும் இல்லாததால், ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. சமையல் அவள் பொறுப்பு. வருகிறவர்களுக்குப் பாய் எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பது, தொலைபேசியை எடுப்பது, உள்ளே தங்கியிருக்கும் முதியவர்களுக்கு வேளாவேளைக்கு மாத்திரை தருவது, எல்லாமே அவள்தான். யாரும் அவள் தலையில் கட்டவில்லை. ஒவ்வொன்றாக அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு என்றுமில்லாத கூட்டம். மூன்று நாள் அவள் உட்காரவே இல்லை. நாலாம் நாள் கூட்டம் வடிந்தது. மண்டபத்தைக் கழுவிவிட்டாயிற்று. ஆனால் அவளுக்குள் மட்டும் கூட்டம் கலையவில்லை.

தொலைபேசி அடித்தால் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நின்றுகொண்டே சாப்பிட்டாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டாள். விடியுமுன்னே விழிப்பு வந்து, செய்யவேண்டிய வேலைகளெல்லாம் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன.

மனம் கொதித்து வருகிறவர்களுக்கு அம்மை ஒரு மூச்சுப் பழக்கம் சொல்லிக்கொடுப்பாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். சொர்ணமும் செய்து பார்த்தாள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்கினாள். கடைசியில் அதுவும் முடிக்கவேண்டிய இன்னொரு வேலையாகிப் போயிற்று.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மடத்தில் எல்லோருடைய குறையும் அவளிடம்தான் வந்து சேரும். அவளுடைய குறை எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

அம்மையிடம் சொல்லக் கூசியது. அம்மையின் முகம் எப்போதும் நிறைகுளம்போல இருந்தது. தினமும் மாலை நாலரைக்கு அம்மை கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு வாய்க்காலோரமாகத் தனியே போவாள். ஆறு மணிக்குத் திரும்புவாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. மலைப்பக்கம் ஒரு குகை இருக்கிறது, அங்கே மௌனத்தில் அமர்கிறாள் என்று ஒரு பேச்சு இருந்தது. வருகிறவர்களிடம் சொர்ணமும் அப்படித்தான் சொல்வாள்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அம்மை வெளியே போயிருந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது மதிக்கலாம். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். அம்மையைப் பார்க்கவேண்டும், ஆனால் ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது என்றாள். அந்நேரம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தொலைபேசி விடாமல் அடித்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்று உள்ளேயிருந்து ஒரு முதியவர் குரல் கொடுத்தார்.

சொர்ணம் ஒரு தாளையும் பேனாவையும் அந்தப் பெண்ணிடம் நீட்டி, சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டுப் போகும்படியும், அம்மை வந்ததும் படித்துக்கொள்வாள் என்றும் சொன்னாள்.

"எனக்கு எழுத வராதே," என்றாள் அந்தப் பெண். "ஒங்ககிட்டச் சொன்னாக்கூடப் போதும்."

"எனக்கு நேரமில்லம்மா."

குரல் சற்று உயர்ந்துவிட்டது. அடுப்பை அணைத்து, மோட்டாரைப் போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. தாள் தரையில் இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் பேனாவை நேராக வைத்துவிட்டுப் போயிருந்தாள் அந்தப் பெண். சொர்ணம் செருப்புக்கூடப் போடாமல் சாலைக்கு ஓடினாள். பஸ் போயிருந்தது.

அதற்குப் பிறகு நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அம்மை வெளியே கிளம்பும் நேரத்தில் போய் முன்னே நின்றாள்.

"நான் போயிருதேன், அம்மை."

"எங்க?"

"தெரியல. இங்க இருந்தா யாரையாவது நோகடிச்சிருவேன்."

அம்மை சொர்ணத்தின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள்.

"இருபது வருஷமா இந்த மடத்த நடத்துறீங்க," என்றாள் சொர்ணம். "ஒங்க மொகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. எப்படி அம்மை தாங்குறீங்க? அத மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிருதேன்."

அம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"செருப்பப் போட்டுக்கிட்டு எங்கூட வா."

"அடுப்புல கஞ்சி கெடக்கு."

"எறக்கி வச்சிட்டு வா."

"போன் வந்தா?"

"அடிக்கட்டும்."

இருவரும் வாய்க்காலோரமாக நடந்தார்கள். அம்மை வீசி நடந்தாள். வாழைத் தோட்டம் தாண்டும்வரை சொர்ணம் இரண்டுமுறை திரும்பி மடத்தைப் பார்த்தாள். அதற்குமேல் வளைவில் மடம் மறைந்துவிட்டது. வியர்த்தது. மூச்சு வாங்கியது. நெடுநாளைக்குப் பின் நெஞ்சு நிறையக் காற்று போய் வருவதுபோல இருந்தது.

மலைப்பக்கம் திரும்புவாள் என்று நினைத்தாள். அம்மை எதிர்ப்பக்கம் திரும்பிக் குளத்தங்கரையில் ஏறினாள். குளத்தில் பாதித் தண்ணீர். ஒரு பெரிய மருதமரம். அடியில் அகலமான இரண்டு கற்கள். கொஞ்சம் தள்ளி, ஒரு பழைய ஆட்டுப்பட்டியின் பிரிந்து கிடந்த முள்வேலி. அம்மை ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"இங்கதானா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"இங்கதான்."

"மௌனத்துக்குப் போறீங்கன்னுல்லா நெனச்சேன்."

"மௌனமா? பேசத்தான் வருவேன்."

சொர்ணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். நாரைகளைத் தவிர யாரும் இல்லை. அடுத்த கல்லில் உட்கார்ந்தாள். அம்மை தண்ணீரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினாள்.

இருபது வருஷத்துக்கு முன் அம்மையின் குரு காலமானபோது மடம் அவள் கைக்கு வந்தது. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. வருகிற ஒவ்வொருவரும் ஒரு பாரத்தை அவளிடம் இறக்கிவைத்துவிட்டு லேசாகத் திரும்பிப் போனார்கள். ஒரு வருஷம் தாங்கினாள். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற நினைத்து வழி தவறி இந்தக் கரைக்கு வந்து, இந்தக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பேச்சி என்று பெயர். இவள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"என்னத்துக்கு அழுத?" என்று கேட்டாளாம்.

அம்மை எல்லாவற்றையும் கொட்டினாள். அடுத்த கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி பேச்சி கேட்டாள். நடுவில் "ம்" என்பாள். கொஞ்சம் நிறுத்தினால் "பெறவு?" என்பாள். அவ்வளவுதான். எல்லாம் முடிந்தபின் தன் கதையைத் தொடங்கினாள். ஒரு ஆட்டுக்கு வயிறு ஊதிக்கொண்டது, மகன் குடித்துவிட்டு வருகிறான், மழை தள்ளிப் போகிறது. அம்மை "ம்" என்றாள். பொழுது சாய்ந்ததும் இருவரும் எழுந்தார்கள். பேச்சி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். அம்மை மடத்துக்குத் திரும்பினாள். மறுநாளும் வந்தாள்.

"என்ன வழி சொன்னா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"ஒண்ணும் சொல்லல."

"இத்தன வருஷத்துலயுமா?"

அம்மை யோசித்தாள். "ஒருதரம் பாதம் வெடிச்சிருக்குன்னு வேப்பெண்ண தேய்க்கச் சொன்னா."

சொர்ணம் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையாயிற்று. பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. எழுதத் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதையும், தான் குரல் உயர்த்தியதையும், வெறுந்தாளையும் சொன்னாள். விடியுமுன் வரும் விழிப்பைச் சொன்னாள். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் ஒருவரும் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை என்பதைச் சொன்னாள். கேட்டிருந்தாலும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதையும் சொன்னாள்.

அம்மை குறுக்கே பேசவில்லை. தேற்றவும் இல்லை. ஓரிடத்தில் மட்டும், "எந்த ஊருன்னா அவ?" என்று கேட்டாள்.

"கேக்கலியே, அம்மை. பேரக்கூடக் கேக்கல."

"ம்."

குளத்தின் அக்கரையில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சொர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் இங்க சொல்லிட்டேன். ஆனா அந்தப் பொண்ணு போனது போனதுதான்."

"ஆமா."

"அப்ப சொல்லி என்ன ஆச்சு?"

"கையப் பாரு," என்றாள் அம்மை.

சொர்ணம் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். நடுக்கம் நின்றிருந்தது. பசித்தது. இவ்வளவு நாளும் பசியென்று ஒன்று இருந்ததையே மறந்திருந்தாள்.

சொர்ணம் கரையின் அந்தக் கோடிவரை பார்த்தாள். பேச்சி வரும் நேரமாயிருக்கும். தான் உட்கார்ந்திருப்பது அவளுடைய கல் என்ற நினைவு வந்ததும் எழுந்து நின்றாள். ஆடுகளின் மணியோசையும் தூசியும் வந்து சேர்ந்தபின் இங்கே தனக்கு இடமில்லை என்று தோன்றியது. பழைய தனிமை மறுபடியும் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"ஒங்களுக்குப் பேச்சி இருக்கா," என்றாள். "எனக்கு யாரு இருக்கா, அம்மை?"

அம்மை பிரிந்து கிடந்த அந்த முள்வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சி தை மாசம் செத்துப்போனா, சொர்ணம்."

சொர்ணம் அப்படியே நின்றாள்.

தையிலிருந்து ஆவணி. ஏழு மாதம். இந்த ஏழு மாதமும் அம்மை தினமும் நாலரைக்குக் கிளம்பினாள், ஆறு மணிக்குத் திரும்பினாள். வந்ததும் சுக்குக் காப்பியை நீட்டியவள் சொர்ணம்தான். அந்த முகத்தை அவள் ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. தை மாதத்தில் அம்மை இரண்டு நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. வயிறு சரியில்லை போலும் என்று எண்ணி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருந்தாள். அம்மையும் வாங்கிக் குடித்திருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள் சொர்ணம்.

"நீ எப்பப் பாத்தாலும் நடந்துக்கிட்டே இருப்ப."

சொர்ணம் மெதுவாகக் கல்லில் உட்கார்ந்தாள். அம்மை அவள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உக்காந்திருக்க. நான் சொல்லட்டுமா?"