ஆற்றின் இரு கரை ஓணான்கள்

“ஓணானுக்கும் வம்சாவளியாம்!” என்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் யாரோ சிரித்தார்கள். பள்ளித் தாளாளர் பொன்னுரங்கம் மாணவி மங்கை வரைந்து மாட்டியிருந்த ஓணான் படத்தருகே நின்றார்.

“ஐயா, ஆறு குறுக்கே வந்துட்டா, ஓணான்கள் அந்தந்தக் கரையிலேயே ஜோடி சேரும். தலைமுறை தலைமுறையா மாறி ரெண்டு இனமாயிடும். அப்புறம் நேர்ல பார்த்தாலும் சேராது,” என்றாள் மங்கை.

“ஒரே ரத்தம் ஒண்ணையொண்ணு தெரியாமப் போகுமா? இங்கேயே காட்டு. இல்லேன்னா படத்தைக் கழட்டு!” என்றார் பொன்னுரங்கம்.

“என்னைத் தெரியுதுங்களா?”

“தெரியலையே. யாரு நீ?”

“உங்க சித்தப்பா மகன் செங்கோடன் பொண்ணு, பெரியப்பா. நீங்க அக்கரையில வீடு கட்டினதும் போக்குவரத்து நின்னுபோச்சு. நமக்கு ஒரே தலைமுறையில இப்படி. ஓணானுக்கு ஆயிரக்கணக்கான தலைமுறை.”

பொன்னுரங்கம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து மங்கையிடம் நீட்டி, “அப்பா நம்பரைப் போடும்மா,” என்றார்.