தூறலுக்குத் திறக்காத மண்

முன்னே ஒரு ஊர். ஊருக்கு மேலே வானம். வானத்தில் எல்லாம் இருந்தது, மேகம் மட்டும் இல்லை. அப்படி ஒரு காலம்.

அந்த ஊரில் ஆறு கிடையாது. கண்மாய் தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. மழை வந்த பிறகு விதைத்தால் நெல் விளைய நாள் போதாது என்று, மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு, உழுது மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம்.

இருளாயியும் அவள் புருசன் காத்தானும் அந்த வருசம் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே விதைமூட்டையைப் பிரித்தார்கள்.

"இதைக் குத்திப் பொங்குனா கொஞ்ச நாளைக்கு வயிறு நிறையும்" என்றான் காத்தான்.

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பூருதான். மில்லுல ஆளு எடுக்கிறானாம்."

"வெதச்சுப் பாப்போம். மொளைக்கலேன்னா நானே துணிமணியை மூட்டை கட்டித் தாறேன், போவோம்" என்றாள் இருளாயி.

விதைத்தார்கள். நெல்மணிகள் புழுதிக்குள்ளே போய்ப் படுத்தன. மேலே வெயில். கீழே இருட்டு.

"புழுதியண்ணே, மழை எப்படி இருக்கும்?" என்று ஒரு மணி கேட்டது.

"அது வந்துச்சுன்னா நான் சேறாயிருவேன்" என்றது புழுதி. "சேறா இருந்தப்போ எனக்குள்ள நண்டு வீடு கட்டியிருந்துச்சு. கொக்கு வந்து நின்னு யோசிக்கும். இப்போ காத்து தள்ளுற பக்கமெல்லாம் ஓடுறேன். யாரு கண்ணுலயாவது விழுந்து திட்டு வாங்குறேன்."

"நீ ரொம்ப ஏங்கிப்போய்க் கிடக்கியோ?"

"தூங்குங்க" என்றது புழுதி.

ஒருநாள் மத்தியானம் கிழக்கே ஒரு துண்டு மேகம் வந்தது. ஊரே தெருவுக்கு ஓடி வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். சடசடவென்று தூறல் விழுந்தது.

தூறல் வந்து புழுதியின் நெஞ்சில் தட்டியது. "திற. என்னைத் தேடித்தானே இத்தனை நாளும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்தே?"

புழுதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எம்புட்டு நேரம் இருப்பே?" என்று கேட்டது.

"நானா? ஒரு வெத்தலை போட்டுத் துப்புற நேரம். அடுத்த ஊர்லயும் கூப்பிடுறாங்கல்ல."

"உனக்குப் பின்னால யாரும் வாறாங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ குடிக்கிறியா இல்லையா?"

பக்கத்து வயல் அடைக்கலம் என்பவனுடையது. அது மணல் கலந்த மண். அந்த மண் அதற்குள் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. "அட கிறுக்கா, குடி!" என்று வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்தியது. "கெடைக்கிறப்போ குடிக்காம என்ன ரோசம்?"

"பிள்ளைக தூங்குது" என்றது புழுதி.

பிள்ளைகள் தூங்கவில்லை. எல்லா மணிகளும் விழித்துக்கொண்டன. "மழைச் சத்தம் கேக்குது! அண்ணே, விடு! எங்களை விடு!"

"உங்களுக்கு ஒரு தடவைதான் மொளைக்க முடியும்."

"தண்ணியை எல்லாம் நீயே குடிச்சுக்கிறே. எங்களுக்குத் தரமாட்டேங்கிறே!"

புழுதி மேல்தோலை மட்டும் நனையவிட்டு, அந்தத் தோலையே மூடியாக இறுக்கிக்கொண்டது. ஒரு சொட்டைக்கூட உள்ளே விடவில்லை. விட்டால் தனக்கும்தான் கிடைத்திருக்கும். தூறல் மேலேயே நின்று, காய்ந்து, போய்விட்டது.

சில நாளில் அடைக்கலத்தின் வயல் பச்சை பூத்தது. அவன் பெண்டாட்டி முனியம்மா வரப்பில் நின்று சிரித்தாள். "என்ன மைனி, உங்க வயலு இன்னும் எந்திரிக்கலையா? காப்பித் தண்ணி வச்சுக் குடுத்து எழுப்புங்க!"

காத்தான் குனிந்து மண்ணைக் கிளறி ஒரு மணியை எடுத்தான். கடித்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது. "செத்துப் போச்சு புள்ள. மூட்டையைக் கட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இருளாயி அங்கேயே உட்கார்ந்தாள். மண்ணை ஒரு குத்துக் குத்தினாள். "உனக்கு என்ன கொறை வச்சேன்? ஊரு மண்ணெல்லாம் குடிச்சுது. உனக்கு மட்டும் தொண்டை அடைச்சுப்போச்சோ?"

புழுதி அவள் விரல் இடுக்கில் உதிர்ந்தது. அதனால் வேறு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு அடித்த வெயிலைத்தான் வெயில் என்று சொல்லவேண்டும். அடைக்கலத்தின் வயலில் பச்சையாக இருந்தது மஞ்சளானது, மஞ்சள் வைக்கோலானது. முனியம்மா வரப்பில் உட்கார்ந்து, கருகிய நாற்றைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தாள். இருளாயி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

காத்தான் மூட்டைக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அது வந்தது. முன்னால் ஆள் அனுப்பவில்லை. வடகிழக்கு மொத்தமாகக் கறுத்து, காற்று நின்று, ஆட்டுக்குட்டிகூடக் கத்தாமல் நின்றது.

புழுதி ஒன்றும் கேட்கவில்லை. முதல் துளி விழுவதற்குள் வாசனையாக எழுந்து பாதி வழி போய் அதைக் கூட்டிவந்தது.

மழை கொட்டியது. ஊர் நனைந்தது. இந்த முறை யாரும் குலவை போடவில்லை. காத்தான் கயிற்றைக் கையில் பிடித்தபடியே வயலுக்கு வந்து நின்றான். முனியம்மா தன் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டே நனைந்தாள்.

"அழாதே புள்ள" என்றாள் இருளாயி. "என் வயலு மொளைக்கும்போல இருக்கு. நெருக்கமா எந்திரிக்கிறதைப் பிடுங்கித் தாறேன். உன் வயல்ல நட்டுக்க."

"அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு..."

"காப்பித் தண்ணி வேணாமாம். இதுவே போதுமாம்" என்றாள் இருளாயி. முனியம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

கீழே மணிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. வேர் விட்டன. "அண்ணே!" என்று கூப்பிட்டன. "புழுதியண்ணே! மழை இப்படித்தான் இருக்குமா? எங்கே இருக்கே?"

புழுதி என்று அங்கே இப்போது யாரும் இல்லை. சேறு இருந்தது. அதன் வாய் நிறையத் தண்ணீர்.

இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அடைக்கலம் போனான். முனியம்மா போனாள். காத்தான் கயிற்றைத் தலையில் சுற்றிக்கொண்டு போனான்.

கடைசியாக இருளாயி கிளம்பினாள். ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வரவில்லை. கணுக்கால் வரைக்கும் சேறு இறுக்கிப் பிடித்திருந்தது.

அவள் இழுக்கவில்லை. குனிந்து, தான் குத்திய கையாலேயே சேற்றைத் தடவிக்கொடுத்தாள்.

"விடுய்யா" என்றாள். "நான் எங்கேயும் போகலை."

சேறு விட்டது. அவள் வரப்பேறி நடந்தாள்.