மெழுகு வைத்து அடைத்த ஜாடி

கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. சுற்றிலும் பன்னீர் திராட்சைப் பந்தல். ராயப்பர் சாமிதான் அங்கே குரு. அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் மூத்தவரான சந்தியாகுவுக்கு அறுபத்தாறு. குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம் என்று ஊரார் கேலி செய்வார்கள். இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சந்தியாகுவுக்கு ஒரே மகன், இன்னாசி. முப்பத்தோரு வயதில் குடியால் செத்துப்போனான். அடக்கத்துக்குத் தகப்பன் போகவில்லை. பதினோரு வருஷமாகக் கல்லறைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கல்லறைத் திருநாளுக்காவது வாங்க மாமா என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் மருமகள் கடிதம் போடுவாள். இந்த வருஷமும் போட்டிருந்தாள். கடிதம் அவர் சட்டைப்பையில் பதில் இல்லாமல் கிடந்தது.

பூசைக்கான திராட்சை ரசத்தை ஆசிரமத்திலேயே எடுப்பார்கள். ரசம் செய்தோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, ரசம் வந்தது என்றுதான் சொல்வார்கள். பழத்தைக் கழுவாமல், தோல்மேல் படிந்த வெள்ளைப் பூச்சோடு பிசைந்து ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிவிட்டால் போதும். தானாகப் பொங்கும், தானாக அடங்கும். மண் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது, நம் வேலை அவ்வளவுதான் என்பார் சாமி.

அந்த முறை ஜாடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சந்தியாகுவுக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பழம் பிசைந்து போட்ட நான்காம் நாள் மதியம், கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரக்கறையில் பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இடுப்பளவு உயரமான பீங்கான் ஜாடி பிளந்து கிடந்தது. வாயில் துணி இல்லை. மரமூடி போட்டு, விளிம்பெல்லாம் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, மேலே கம்பியால் இறுக்கியிருந்தது. ஒரு வருஷத்துப் பூசை ரசம் மண் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பொங்குகிற ரசத்தின் வாயை அடைக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லாம் தெரிந்த மனிதர் இதை ஏன் செய்தார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

குரு மற்றவர்களைச் சாப்பிடப் போகச் சொன்னார். பிறகு உட்கார்ந்து உடைந்த சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். சந்தியாகுவும் எதிரே உட்கார்ந்து பொறுக்கினார். ஊருக்குக் கிளம்புங்கள் என்று குரு சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு அடைச்சீங்க?" என்று கேட்டார் குரு.

"நாத்தம் தாங்கல சாமி. பொங்க ஆரம்பிச்ச அன்னைக்கே அவன் வந்து பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு."

குரு தலையாட்டினார்.

"இதப் போயி மண்ணு குடுத்த வரம்ங்கிறீங்க. இந்த எழவுதான என் பிள்ளைய வாங்குச்சு?"

குரு எழுந்து, மூலையில் சாத்தியிருந்த அரிவாளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"கொடிதான் காரணம்னா போயி வெட்டுங்க. நான் தடுக்க மாட்டேன்."

சந்தியாகு அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் மகன் மழையில் நனைந்துகொண்டு வந்து கதவைத் தட்டினான். நல்ல போதை. அப்பா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். சந்தியாகு தாழ்ப்பாளைப் போட்டார். அப்படியும் வாடை வரவே, கதவடி இடுக்கில் சாக்கைத் திணித்து அடைத்தார். விடிந்தபோது இன்னாசி வாய்க்கால் கரையில் விறைத்துக் கிடந்தான். குடி கொன்றுவிட்டது என்று ஊர் சொன்னது. அவரும் பதினோரு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொல்லி முடித்துவிட்டு அழுதார். அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம். குரு சும்மாதான் இருந்தார்.

அழுகை ஓய்ந்தபோது தரையில் ரசம் இல்லை. சக்கையும் விதையும் மட்டும் கிடந்தன. ஒரு ஜாடி ரசத்தையும் தரை குடித்துவிட்டிருந்தது. கறுத்த ஈரம்தான் மிச்சம்.

சந்தியாகு அந்த ஈரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"இப்பக் கல்லறையில போயி நின்னா அவன் என்னை ஏத்துக்குவானா சாமி?"

குரு சொன்னார்:

"அவன் இப்ப மண்ணுங்கய்யா. மண்ணு யாரையும் மோந்து பாத்து வாங்கறதில்ல."