அண்டாவுக்குள் அடங்காத சட்டி

முன்னொரு காலத்தில், பானைகளுக்கு வாயும் அந்த வாய்க்குத் திமிரும் இருந்த காலத்தில், வெண்ணெல்லூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அரண்மனை மடைப்பள்ளியில் பன்னிரண்டு சமையற்காரிகள். யாருக்கு என்னென்ன சமைக்கத் தெரியுமோ, அதெல்லாம் அவரவர் பானைக்குள் குடியிருக்கும்படி ஒரு மந்திரவாதி எப்போதோ மந்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தான்.

புத்தரிசி வரும் நாளில் பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார்கள். உள்ளே வரும் பானைக்குத் தெரிந்தது எல்லாம் தனக்கும் தெரியும் என்றால் வெளிப்பானை, "உன்னிடம் உள்ளதெல்லாம் என்னிடம் உண்டு, உள்ளே வா!" என்று வாய் திறக்கும். எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் பானைக்காரிதான் தலைமை. மற்றவர்கள் அவளுக்கு எடுபிடி. அடுக்கு ஒன்றாக அமையவில்லை என்றால் அரண்மனை அடுப்பு எரியவே எரியாது.

வருஷா வருஷம் வெளியே நின்றது வடிவாம்பாளின் அண்டாதான். முந்நூறு பதார்த்தம் தெரிந்த அண்டா. வடிவாம்பாள் நடந்தால் கரண்டிகள்கூட ஒதுங்கி நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்த வருஷம் கடற்கரையிலிருந்து வலம்புரி என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். இடுப்பில் ஒரு மண்சட்டி. அதில் நாலே நாலு பதார்த்தம். முதல் நாளே ராஜா விரலைச் சப்பிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றார்.

திரைக்குப் பின்னால் நின்ற வடிவாம்பாளுக்கு வயிறு எரிந்தது. முந்நூறு சமைத்துப் போட்டேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்டிருப்பாரா இந்த மனுஷன்?

புத்தரிசி நாள் வந்தது. "நாலு எங்கே, முந்நூறு எங்கே!" என்று சிரித்தபடி வடிவாம்பாள் மண்சட்டியை அண்டாவுக்குள் போட்டாள். அண்டா அதைத் துப்பிவிட்டது.

"மூன்று குறைகிறது. உள்ளே வராதே!"

சபையே வாயைப் பிளந்தது. வடிவாம்பாளின் முகம் கறுத்தது. "அப்போ என் அண்டா அவ சட்டிக்குள்ள போயிடுமோ?" என்று கத்தினாள். சட்டி வெட்கத்தோடு சொன்னது: "எனக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது குறைகிறது."

இது அதற்குள் அடங்கவில்லை, அது இதற்குள் அடங்கவில்லை. அடுப்பு பொசுக்கென்று அணைந்தது. ராஜா, "மூன்று நாள் தவணை. அடுக்கு அமையாவிட்டால் ரெண்டு பேரும் நாட்டை விட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

மதிலுக்கு வெளியே மூன்று கல் வைத்து வலம்புரி சமைத்தாள். குதிரைக் கொட்டிலில் ஒளிந்து வடிவாம்பாள் வேவு பார்த்தாள். முதல் நாள் சுறாப்புட்டைத் திருடிக் கற்றாள். அண்டா, "இரண்டு குறைகிறது" என்றது. இரண்டாம் நாள் மாங்காய் போட்ட நண்டுக்குழம்பு. "ஒன்று குறைகிறது" என்றது. மூன்றாம் நாள் காலையில் அண்டா குழைந்து பேசியது: "எதற்கு இந்தக் கஷ்டம்? காலிப் பானை எந்தப் பானைக்குள்ளும் அடங்கும். என் அடியில் இருக்கும் மந்திரச் சாம்பலில் ஒரு பிடி எடுத்து அவள் சட்டியில் போடு. அவள் எல்லாவற்றையும் மறந்துபோவாள்."

வடிவாம்பாள் சாம்பலை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

"வாங்கக்கா" என்றாள் வலம்புரி. கண் சிவந்திருந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ராசா உங்க சாப்பாட்டுக்குத்தான் வயித்தைத் தடவிக்கிட்டு 'போதும்'னு சொல்லுவாராமே? எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலக்கா. தின்னு தின்னும் அவருக்குப் பத்தலை. அதை நெனச்சா எனக்கு வயிறு எரியுது. நேத்து உங்க அண்டாவை ஒடச்சிடலாமான்னுகூட நெனச்சேன்."

வடிவாம்பாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அடி பாவி! நானும் அதுக்குத்தான்டி வந்தேன்" என்று முடிச்சை அவிழ்த்துச் சாம்பலைக் காட்டினாள். பிறகு அதை வாய்க்காலில் உதறினாள். வாய்க்கால் தவளைகள் அன்று முழுக்கக் கத்த மறந்துபோயின.

அண்டாவுக்குக் குறைந்த அந்த ஒரு பதார்த்தம் என்னவென்று அவள் கேட்கவில்லை. "குயவர் தெருவுல ஒரு புதுப்பானை வாங்குவோம்" என்றாள். "ரெண்டு பேரும் கை வச்சுப் பொங்குவோம். உனக்குத் தெரிஞ்சதும் எனக்குத் தெரிஞ்சதும் அதுல இருக்கும்ல?"

பொழுது சாயும் முன் சபைக்குப் புதுப்பானை வந்தது. மற்றப் பதினொன்றையும் அண்டா முன்பே விழுங்கியிருந்தது. "உள்ளதெல்லாம் என்னிடம் உண்டு, உள்ளே வா!" என்றது புதுப்பானை. சட்டி குதித்தது. அண்டா முனகிக்கொண்டே சுருங்கி இறங்கியது.

"சரி, தலைமை யாரு?" என்றார் ராஜா.

"என்னைப் பிடித்திருப்பவை நாலு கைகள்" என்றது பானை. ஒரே ஒரு தலைமையைத்தான் அந்த மந்திரத்துக்குத் தெரியும். இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, மந்திரமே படாரென்று முறிந்தது. பானைகளின் வாய் அடைத்துப்போயிற்று. அடுப்பு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. எடுபிடிகளாய்க் கிடந்த பதினொரு பேரும் தங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கோர் அடுப்பைப் பிடித்தார்கள்.

ராஜா மடைப்பள்ளியை இருவர் கையிலும் கொடுத்தார். அன்றே விருந்து. உப்பை யார் போடுவது என்று முதல் சண்டை வந்தது. கடைசியில் இருவருமே போட்டார்கள். ராஜா மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தார். யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று தெரியாமல், வாயை மூடிக்கொண்டு இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.